சொல்லைப் பிரித்துக் காட்டுவது எப்படி? வீட்டிலேயே செய்யும் எளிய முறை

இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, ஒரு சொல் சிறு சிறு உறுப்புகளால் ஆனது என்பதைக் காட்டப் பழைய நாட்காட்டி அட்டையும், ஒரு ஸ்கெட்ச் பேனாவும், நாளொன்றுக்குக் கால் மணி நேரமும் போதும். எழுதிய சொல்லைக் கத்தரிக்கோலால் வெட்டிக் காட்டுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். காரணம் இரண்டாம் படியில் வருகிறது.

முதல் படியை ஊர்ப்பெயர்களில் தொடங்குங்கள். காரைக்குடிப் பக்கம் ஓடும் பேருந்துகளின் பலகையில் பிள்ளைகள் அன்றாடம் பார்க்கும் புதுவயல் மிக எளியது. ‘புது’, ‘வயல்’ என இரண்டு அட்டைகள் எழுதிச் சேர்த்தும் பிரித்தும் காட்டினால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

இரண்டாம் படியில் பக்கத்து ஊரான கண்டனூரை எடுங்கள். இதைப் பிரிக்கச் சொன்னால், எழுத்தைப் பார்த்துப் பிரிக்கும் பிள்ளை ‘கண்ட’, ‘னூர்’ என்றுதான் சொல்லும். கண்டன், ஊர் ஆகிய இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லை, ‘னூ’ என்னும் ஒரே எழுத்துக்குள், ‘ன்’ என்ற மெய்க்கும் ‘ஊ’ என்ற உயிருக்கும் இடையே இருக்கிறது. அந்த இடத்தில் கத்தரிக்கோல் நுழையாது, காதுதான் நுழையும். ஆகவே ‘கண்டன்’ அட்டையை ஒரு கையிலும் ‘ஊர்’ அட்டையை மறு கையிலும் கொடுத்து, முதலில் இடைவெளி விட்டும், பிறகு கைகளை நெருக்கிக்கொண்டே விரைவாகவும் சொல்லச் சொல்லுங்கள். மெய்யும் உயிரும் வாயில் தாமாகவே ஒட்டிக்கொள்வதைப் பிள்ளை உணரும் வரை, ஒரு வாரம் ஆனாலும் சரி, இங்கேயே நில்லுங்கள். இதில் அவசரப்பட்டால் பின்னால் வரும் எதுவும் நிற்காது.

மூன்றாம் படி வினைச்சொல். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையைத் தறியில் பார்த்த பிள்ளைக்கு ‘நெய்’ பொருத்தமானது. ‘நெய்’, ‘த்’, ‘வ்’, ‘ஆன்’, ‘ஆள்’ என ஐந்து அட்டைகள் எழுதுங்கள். பகுதி, இடைநிலை, விகுதி என்று நன்னூல் சொல்லும் பெயர்களை இந்த வயதில் திணிக்காமல், நம் செட்டிநாட்டு வீட்டமைப்பையே சொல்லிக் கொடுக்கலாம்: முன்னாலுள்ள முகப்பில் வேலை, நடுவிலுள்ள வளவில் காலம், அதற்குப் பின்னாலுள்ள இரண்டாம் கட்டில் ஆள். மூன்று பிள்ளைகளை அட்டைகளோடு வரிசையாக நிறுத்தி, வளவில் நிற்பவர் மட்டும் ‘த்’ அட்டையைக் கீழே வைத்து ‘வ்’ அட்டையைத் தூக்கினால், ‘நெய்தாள்’ என்பது ‘நெய்வாள்’ ஆகிவிடும். மற்ற இருவரும் அசையவே இல்லை என்பதைச் சுட்டிக் காட்டுங்கள். ‘கிறு’ அட்டையைப் பிறகு சேர்க்கலாம். ‘நெய்கிறாள்’ என்னும்போது அதன் கடைசி உகரம் கெடுவதைத் தனியே விளக்க வேண்டியிருக்கும்.

இந்த இடத்தில் ஒரு பிள்ளை ‘ஆச்சி வந்தாக’ என்று சொன்னால், தயவுசெய்து தவறு என்று அடக்காதீர்கள். நம் பேச்சிலுள்ள அந்த ‘ஆக’, எழுத்திலுள்ள ‘ஆர்கள்’ நிற்கும் அதே இரண்டாம் கட்டில்தான் நிற்கிறது. இரண்டையும் அட்டையில் எழுதி அருகருகே வைத்தால், விகுதி தனக்கு முன்பே தெரிந்த ஒன்று என்பது பிள்ளைக்கு விளங்கும்.

நான்காம் படியில் பிரிக்கக் கூடாத சொற்களையும் காட்ட வேண்டும். பிரிக்கும் ஆர்வத்தில் ‘பணியாரம்’ என்பதைப் பணி, ஆரம் எனப் பிரித்துவிடுவார்கள்; ஒலியளவில் அது சரியாகவே பொருந்தும். அப்போது, ‘நீ தின்னும் பணியாரத்துக்குள் கழுத்தில் போடும் ஆரம் இருக்கிறதா?’ என்று கேளுங்கள். உறுப்பின் பொருள் சொல்லின் பொருளோடு சேரவில்லை என்றால் அந்தப் பிரிப்பை விட்டுவிட வேண்டும்.

இவ்வளவும் பழகிய பிறகு கானாடுகாத்தானை எடுங்கள். ‘கானாடு’, ‘காத்தான்’ என்பது எளிதில் வந்துவிடும். ‘காத்தான்’ என்பதை மேலும் பிரிக்கச் சொன்னால், முகப்பில் ‘கா’, வளவில் ‘த்’, இரண்டாம் கட்டில் ‘ஆன்’ என வைத்த பின் ஒரு ‘த்’ கையில் மிஞ்சும். அதை எங்கே வைப்பது என்று பிள்ளை கேட்கும் அன்றுதான், முகப்புக்கும் வளவுக்கும் இடையே இணைப்பாக வரும் அந்த எழுத்துக்குரிய ‘சந்தி’ என்ற சொல்லை முதன்முதலாகச் சொல்லிக் கொடுங்கள்.