பொட்டாஷ் வராத வருசம் தென்னையை எப்படிக் காப்பது

சாம்பல்சத்து தரும் உரமான பொட்டாஷுக்கு நாம் இறக்குமதியைத்தான் நம்பியிருக்கிறோம். 2022-இல் உக்ரைன் போர் மூண்டதும் ரஷ்யா, பெலாரஸ் சரக்கு முடங்கி, பொள்ளாச்சி உரக்கடை வரை விலை ஏறியது.

காய்ப்பு மரத்துக்கு ஆண்டுக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2, பொட்டாஷ் 2 என்பது பரிந்துரை. ஆனியில் பாதி, மார்கழியில் பாதி. பொட்டாஷ் குறைந்தால் யூரியாவைக் கூட்டி ஈடுகட்டப் பார்க்காதீர்கள். பொட்டாஷ் போதாத மரத்தில் அடி ஓலைகள் நுனியிலிருந்து காய்ந்துவரும்.

தேங்காய் உரிமட்டையில் சாம்பல்சத்து உண்டு. கயிறு மில்லுக்கு முழுதும் விற்றுவிடாமல், மரத்துக்கு 100 மட்டையாவது வையுங்கள். அடிமரத்திலிருந்து 3 மீட்டர் தள்ளி, 45 சென்டிமீட்டர் ஆழத்தில் குழியெடுத்து, குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி மூடுங்கள், ஈரமும் தங்கும். பொட்டாஷை முழுதாக ஈடுசெய்யாது, தாக்குப்பிடிக்க உதவும்.

அடுப்புச் சாம்பல் போடலாம். யூரியாவோடு சேர்த்தால் அதிலுள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) ஆவியாகிவிடும். பத்து நாள் விட்டுப் போடுங்கள்.