பெரிய வாடிக்கையாளர் வந்ததும் சிறிய சாஃப்ட்வேர் நிறுவனங்கள் செய்யும் தவறுகள்

காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ பத்துப் பேரோடு நடக்கும் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். ராணிப்பேட்டை டேனரிகளுக்கும் (தோல் பதனிடும் ஆலைகள்) ஆம்பூரில் ஷூவின் மேல்பகுதியான அப்பரைத் தைக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கும் ஸ்டாக், கூலிக் கணக்கு பார்க்கும் மென்பொருளை விற்கிறது. பெரிய ஏற்றுமதி நிறுவனம் ஒன்று ஆர்டர் கொடுக்கிறது. சந்தோஷமான விஷயம்தான். ஆனால் பல நிறுவனங்கள் தடம் மாறுவது இங்கிருந்துதான்.

பெரிய தவறு, அவர்களுக்காக சோர்ஸ் கோடை, அதாவது மென்பொருளின் மூல நிரலை, தனிப் பிரதி எடுப்பது. "இந்த ஒரு ஸ்கிரீனை மட்டும் மாற்றிக் கொடுங்க" என்றுதான் ஆரம்பிக்கும். அவசரத்துக்குப் பிரதி எடுத்து மாற்றிக் கொடுத்தால், ஆறு மாதத்தில் அது வேறு மென்பொருளாகிவிடும். ஜிஎஸ்டி விதி ஒன்று மாறினால் இரண்டு இடத்தில் திருத்தி, இரண்டையும் சோதிக்க வேண்டும். நேரம் போதாதபோது எது தள்ளிப்போகும்? குறைவாகப் பணம் தரும் சின்ன யூனிட்டுகளின் பதிப்புதான். கோட் ஒன்றாகவே இருக்கட்டும். வித்தியாசங்களை செட்டிங்கில் வையுங்கள். அதில் அடங்காததைத் தனி மாட்யூலாக (பிரித்துச் சேர்க்கும் பகுதியாக) எழுதி, அதன் பராமரிப்புக்கு வருடாவருடம் பணம் கேளுங்கள். விலையில்கூட இறங்கி வரலாம், இதில் இறங்கக் கூடாது.

ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திடுவதும் சிக்கலில்தான் கொண்டுவிடும். 1957 பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி, எழுத்தில் உரிமையை மாற்றித் தராதவரை, வெளி நிறுவனம் எழுதிக் கொடுத்த கோட் அதை எழுதிய நிறுவனத்துக்கே சொந்தம். பெரிய நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் 'செய்து தருவது எல்லாம் எங்களுக்கே' என்ற வரி பெரும்பாலும் இருக்கும். உங்கள் பழைய மென்பொருளுக்கு இது பொருந்தாது, அவர்களுக்கு உரிமம் மட்டும்தான் என்று எழுதி வாங்குங்கள்.

அப்புறம் பணம். மென்பொருள் சேவைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். மாதாமாதம் தாக்கல் செய்பவர்கள் அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், வாடிக்கையாளர் பணம் தராவிட்டாலும். 10 லட்சத்துக்கு பில் போட்டால் 1,80,000 ரூபாயைக் கையிலிருந்து எடுத்து வைக்க நேரும். எனவே ஒரே பெரிய பில் வேண்டாம், வேலை முடிய முடிய போடுங்கள்.

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவையும் முதலிலேயே செய்துவிடுங்கள். பர்ச்சேஸ் ஆர்டரில் 90 நாள் என்று அச்சிட்டிருந்தாலும், குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006 எம்எஸ்எம்இ சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. வட்டி கேட்டுச் சண்டை போட யாருக்கும் மனம் வராது, சரி. ஆனால் 2023-24 நிதியாண்டிலிருந்து, கெடு தாண்டி ஆண்டு முடிவிலும் நிற்கும் பாக்கியை, கொடுக்கும் வரை அந்தப் பெரிய நிறுவனம் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது. அவர்களுடைய அக்கவுன்ட்ஸ் பிரிவில் இதை நினைவூட்டினாலே பில் நகரும்.

நல்ல புரோகிராமர்கள் அத்தனை பேரையும் பெரிய ஆர்டரில் போட்டுவிடாதீர்கள். சம்பளம் போடும் நாளில் ஆம்பூரிலிருந்து வரும் போனை எடுக்க, அந்த மென்பொருளை நன்றாகத் தெரிந்த ஒருவராவது வெளியே இருக்க வேண்டும்.