ஐசிடி-11க்கு மாறும் முன் ஒரு சின்ன வேலை

நோய்களுக்குக் குறியீடு கொடுக்கும் சர்வதேசப் பட்டியலின் புதிய பதிப்பான ஐசிடி-11ஐ உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரியிலேயே நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது, அதற்காகப் பட்டியல் முழுவதையும் மனப்பாடம் செய்ய உட்கார வேண்டாம். செங்கோட்டையில் எங்கள் கிளினிக்கில், மூன்று மாத ஓபி நோட்டைப் புரட்டி, அடிக்கடி வரும் முப்பது நோய்களை மட்டும் எடுத்து, பழைய குறியீட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, சீட்டு போடும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டோம். டைப் 2 சர்க்கரை ஈ11 இனி 5ஏ11, ரத்த அழுத்தம் ஐ10 இனி பிஏ00. புதிய குறியீடுகளில் ஓ, ஐ என்ற ஆங்கில எழுத்துகளே கிடையாது, அந்த உருவம் வந்தால் அது பூஜ்யமோ ஒன்றோதான். கம்ப்யூட்டரில் ஏற்றுபவரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் டாக்டர்களுக்கு. புனலூரிலிருந்து வருபவர் ‘ஷுகர் உண்டு’ என்று சொன்னதை அப்படியே சீட்டில் எழுதாமல், எந்த வகை, கண்ணிலா காலிலா பாதிப்பு என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள், அது இல்லாமல் சரியான குறியீடு போடவே முடியாது.