ஆணுறை விஷயத்தில் மனசு செய்யும் தவறுகள்

ஆணுறை எதற்கென்று தெரியாத இளவட்டம் திருநெல்வேலிப் பக்கம் இன்று அநேகமாக இல்லை. தெரிந்தும் விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் சங்கதி.

முதல் தவறு மெடிக்கல் வாசலிலேயே நடக்கிறது. கடை அண்ணாச்சிக்குப் பையனின் அப்பாவையும் தெரியும், தாத்தாவையும் தெரியும். பக்கத்தில் சுகர் மாத்திரைக்கு ஒரு ஆச்சி நிற்பார். "என்னடே, அப்பா சௌக்கியமா?" என்றதும் பையன் விக்ஸ் மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவான். வெட்கம் போகட்டும் என்று காத்திருந்தால் அது போகாது. வண்ணார்பேட்டையிலோ ஜங்ஷனிலோ முகம் தெரியாத கடையில் முன்கூட்டியே வாங்கி வைக்கலாம். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கும்.

இதைவிடப் பெரிய தவறு, ஆணுறையை நம்பிக்கையோடு முடிச்சுப் போடுவது. "என்னை நம்பலியா?" என்று ஒரு கேள்வி வந்துவிட்டால் எதிராளி வாயடைத்துப் போகிறார். ஆனால் எச்.ஐ.வி. பல வருஷம் வெளியே தெரியாமல் இருக்கும், இருப்பவருக்கே தெரியாது. தெரியாததை அவர் எப்படி உண்மையாகச் சொல்வார்? ஆணுறையை விட வேண்டுமென்றால் இருவரும் ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் 'நம்பிக்கை மையம்' என்கிற எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இலவசம், முடிவை ரகசியமாக வைக்க 2017-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. புதிதாகத் தொற்றியது உடனே தெரியாது என்பதால், மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்ப்பது நல்லது. அதன்பிறகும் கர்ப்பத்தைத் தடுக்க வேறு வழி வேண்டும்.

பெண்ணின் கைப்பையில் ஆணுறை இருந்தால் 'பழகினவ' என்று பேசுவது மகா மட்டமான பழக்கம். அந்தப் பேச்சுக்குப் பயந்தே பல பெண்கள் கேட்காமல் இருந்துவிடுகிறார்கள். கடைசி நிமிஷத்தில் இந்தப் பேச்சை எடுக்கவும் வராது. முந்தின நாளே, டீ குடிக்கும்போதே, "அது இல்லன்னா வேண்டாம்" என்று சொல்லிவிடுவது சுலபம். குடித்துவிட்டால் இந்த உறுதியும் கரைந்துவிடும்.

"போட்டாலும் கிழியத்தானே செய்யும்" என்பது இன்னொரு சாக்கு. எப்போதும் சரியாகப் பயன்படுத்தினால் ஒரு வருஷத்தில் 100 பெண்களில் 2 பேர்தான் கர்ப்பமாகிறார்கள். நடைமுறையில் அது 13 ஆவதற்குப் பெரும்பாலும் நம் கைதான் காரணம்: பர்ஸில் மாதக்கணக்கில் வைப்பது, தேங்காய் எண்ணெய் தடவுவது, ரெண்டு போட்டால் பலம் என்று நினைப்பது, பாதியில் மாட்டுவது.

தவறிவிட்டால் உட்கார்ந்து புலம்பாதீர்கள். அவசரக் கருத்தடை மாத்திரைக்கும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கும் 72 மணி நேரம்தான் கெடு. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் எய்ட்ஸ் உதவி எண் 1097-க்குப் போன் செய்யலாம், காசில்லை.