கால்பந்துப் பித்தும் கணவன் மனைவி சண்டையும்: நகைச்சுவை நாடகம் போடும் முறை

முதலில் ஒரு கெடுவை முடிவு செய்யுங்கள். "எப்போது பார்த்தாலும் மேட்ச்தான்" என்ற பொதுப் புகார் பத்து நிமிடத்தில் வற்றிவிடும். இன்றிரவுக்குள் ஆம், இல்லை என்று பதில் சொல்லியாக வேண்டிய விஷயம் ஒன்று மனைவி கையில் இருக்கட்டும்: வெளியூரில் கிடைத்த வேலை, வீடு மாற்றுவது, இப்படி ஏதாவது. அதே இரவில் கணவனுக்கு இறுதிப் போட்டி. இருவர் பக்கமும் நியாயம் இருக்க வேண்டும். கணவனை வெறும் கோமாளியாக்கினால் இரண்டாம் பாதியில் யாருக்கும் அவன் மேல் அக்கறை இருக்காது.

ஆட்டம் 45 நிமிடமாக இரண்டு பாதி, நடுவில் 15 நிமிட இடைவேளை. மேடைக்குப் பாதிக்கு 35 நிமிடம் தாராளம். மேடையில் கடிகாரம் மாட்டாதீர்கள். சண்டை சூடுபிடிக்கும்போது கமென்ட்ரியில் ஆட்ட நேரம் சத்தமில்லாமல் பத்து நிமிடம் தாண்டிவிடலாம், யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

டிவி வேண்டாம். அது பார்வையாளர் பக்கம் இருப்பதாக வைத்துக்கொண்டால் நடிகர்களின் முகம் முழுதாகத் தெரியும். அரங்கின் பின்சுவரில், தலைகளுக்கு மேலே, ஒரு குறி ஒட்டி இருவரும் அதையே பார்க்கப் பழகுங்கள். ஒவ்வொரு கோலுக்கும் முந்தைய ஒரு நிமிட ஆட்டத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பந்து இடமா வலமா என்று கண்கள் சேர்ந்து நகர வேண்டும். இரண்டாம் பாதியில் அணிகள் பக்கம் மாறும், பார்வையும் எதிர்த்திசைக்குப் போக வேண்டும். ரசிகர்கள் இதை உடனே பிடித்துவிடுவார்கள்.

கோல் மூன்று போதும். முதலாவது மனைவியின் முக்கியமான வாக்கியத்தை வெட்டுகிறது. இரண்டாவதற்கு அவளே முன்கூட்டி நிறுத்திக் காத்திருக்கிறாள். மூன்றாவது விழும்போது கணவன் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பதால் கோலைத் தவறவிடுகிறான்.

இரண்டாவது கோல் அவளுக்கு எப்படி முன்கூட்டித் தெரியும்? கணவன் இணையத்தில் பார்க்கிறான், பக்கத்து வீட்டில் கேபிள். இணைய ஒளிபரப்பு பெரும்பாலும் பின்தங்கியே வரும். சுவருக்கு அப்பால் ஆரவாரம் கேட்டவுடன் அவளுக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. கணவன் ஹெட்போன் மாட்டியிருந்தால் அவனுக்குக் கேட்காததற்குக் காரணமும் கிடைக்கும். அந்த இடைவெளிக்கு எட்டு முதல் பத்து விநாடி வையுங்கள். அதற்குள் அவள் ஒரு பந்தயம் கட்டிவிடலாம். நாடகத்தின் பெரிய சிரிப்பு பெரும்பாலும் இங்கேதான் விழும், ஒத்திகையில் பாதி நேரத்தை இதற்கே கொடுக்கலாம்.

ஒலியை ஒரே நீளமான பதிவாகச் செய்தால் கெட்டது கதை. ஒரு நாள் சிரிப்பு நீண்டால் கோல் தப்பான வசனத்தில் வந்து விழும். கூட்டத்தின் இரைச்சல், கோல், விசில், பக்கத்து வீட்டு ஆரவாரம் எல்லாம் தனித்தனிப் பதிவாக இருக்கட்டும். இயக்குபவர் வசனத்தின் கடைசிச் சொல்லைக் கேட்டுத்தான் பொத்தானை அழுத்த வேண்டும். பக்கத்து வீட்டு ஸ்பீக்கரைத் திரைக்குப் பின்னால் வைத்து ட்ரெபிளை, அதாவது கூர்மையான உயர் ஒலிகளை, குறையுங்கள்; சுவர் வழியே கேட்பதுபோல் இருக்கும். உண்மையான ஒளிபரப்பை எடுத்துப் போட்டால் உரிமைப் பிரச்சினை வரும். கற்பனை அணிகளுக்குச் சொந்தமாகக் கமென்ட்ரி எழுதிப் பதியுங்கள்.

ஜெர்சியில் கருநீலம் தவிர்க்கவும், மங்கிய விளக்கில் கறுப்பாகத் தெரியும். டிவி வெளிச்சத்துக்கு மேடை முன்விளிம்பில் நீலம் கலந்த இரண்டு சிறு எல்.இ.டி. விளக்குகள் போதும், இரண்டு முதல் நான்கு விநாடிக்கு ஒருமுறை ஒழுங்கில்லாமல் மெல்ல மாறட்டும். வேகமாக மின்னினால் கண் உறுத்தும்.