பழைய ஸ்ப்ளெண்டருக்கு ஆர்.சி. புதுப்பிக்கப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதினைந்து வருடம் ஓடிய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டரை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோகும் முன் பலர் முதலில் எஞ்சினைத்தான் பிரிக்கிறார்கள். போர் எடுத்து, பிஸ்டன் மாற்றி, டேங்குக்குப் பெயின்ட் அடித்து, சில ஆயிரங்களைக் கரைத்துவிட்டுப் போனால், ஹாரன் அடிக்கவில்லை, பிரேக் லைட் எரியவில்லை, சேசிஸ் நம்பர் தெரியவில்லை என்று வண்டி திரும்பி வருகிறது. ஆய்வாளர் எஞ்சினைத் திறந்து பார்ப்பதில்லை. அவர் தேடும் குறைகள் வேறு, நடுரோட்டில் வண்டியை நிறுத்தும் குறைகள் வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் வீண் செலவு தொடங்குகிறது.

"15 வருடம் ஆனால் வண்டியை உடைக்கத்தான் வேண்டும்" என்ற பேச்சை நம்பி, நல்ல வண்டியைக் காயலான் கடை விலைக்குத் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. 15 வருடமான பெட்ரோல் வண்டிக்குத் தடை என்பது டெல்லி வட்டாரத்துக்கான உத்தரவு. தமிழ்நாட்டில் அப்படி இல்லை. சொந்த வண்டியின் பதிவு 15 வருடத்துக்குச் செல்லும். அதன்பின் ஆய்வில் தேறினால் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். காலாவதித் தேதிக்கு முந்தைய 60 நாளுக்குள் படிவம் 25-ல் விண்ணப்பிக்கலாம். மத்திய விதிப்படி பைக்குக்குக் கட்டணம் 1,000 ரூபாய், 20 வருடம் தாண்டியதற்கு 2,000. தாமதித்தால் மாதத்துக்கு 300 ரூபாய் சேரும். பசுமை வரி தனி. இரண்டு வருடம் மறந்துவிட்டால் அபராதம் மட்டுமே 7,200 ஆகிவிடும். தேதியை ஆர்.சி.யிலேயே பாருங்கள், வண்டி வாங்கிய மாதத்தை வைத்துக் குத்துமதிப்பாகக் கணக்குப் போடாதீர்கள்.

காகித வேலையில் அடிக்கடி சிக்குவது பழைய கடன். தவணையை முடித்துப் பத்து வருடம் ஆகியிருக்கும், ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் அப்படியே நிற்கும். அந்த நிறுவனம் இதற்குள் வேறொன்றோடு இணைந்திருந்தால் கடன் பாக்கி இல்லை என்ற என்.ஓ.சி. வாங்க வாரக்கணக்கில் அலைய வேண்டிவரும். எனவே வண்டியைத் தொடுவதற்கு முன் இதைப் பாருங்கள். நிலுவையில் உள்ள இ-சலான், இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் அடுத்து.

பெயின்டருக்குக் கொடுக்கும் முன்

ஸ்ப்ளெண்டரின் சேசிஸ் நம்பர் ஹேண்டில் பார் சுழலும் தலைக்குழாயின் வலது பக்கத்தில் அடித்திருக்கும். எஞ்சின் நம்பர் இடது பக்கம், கிராங்க் கேசின் கீழ்ப்பகுதியில். இரண்டையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், எழுத்தின் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பென்சில் பிரிண்ட்டும் எடுப்பார்கள். வண்டியைப் பளபளப்பாக்க பிரேமுக்குப் பவுடர் கோட்டிங் கொடுப்பவர்கள் அந்த எழுத்துப் பள்ளத்தை நிரப்பிவிடுகிறார்கள். துரு ஏறியிருக்கிறது என்று எமரித் தாளால் அழுத்தித் தேய்ப்பது அதைவிட மோசம். ஒரு எழுத்து மழுங்கினால்கூட வண்டியின் அடையாளமே சந்தேகத்துக்கு உள்ளாகும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் போதும். பெயின்ட் வேலை இருந்தால் அந்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டச் சொல்லுங்கள். எழுத்து ஏற்கெனவே அழிந்திருந்தால் பட்டறையில் நீங்களாகப் பஞ்ச் அடிக்க வேண்டாம், ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் அடித்த நம்பர் திருட்டு வண்டிக் கணக்கில் போய்விடும். நிறத்தை மாற்றினாலும் ஆர்.சி.யில் மாற்ற வேண்டும். கறுப்பு வண்டியைச் சிவப்பாக்க ஆசைப்பட்டால் புதுப்பித்த பிறகு முறைப்படி செய்துகொள்ளலாம்.

நம்பர் பிளேட்டில் பின்பக்க எழுத்து 35 மி.மீ., எண் 40 மி.மீ. உயரம், முன்பக்கம் இரண்டுமே 30 மி.மீ. தலைவர் படம், சாதிப் பெயர், வளைந்த எழுத்து எதுவும் கூடாது. கழற்றிப் பரணில் போட்ட சாரி கார்டு, பின்னால் உட்காருபவருக்கான கைப்பிடி, கண்ணாடி எல்லாவற்றையும் தேடி மாட்டுங்கள். பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் கார்டு விதியில் உள்ளது.

"ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆகுது, பேட்டரி நல்லாத்தான் இருக்கு"

பழைய கிக்கர் மாடல் ஸ்ப்ளெண்டரில் இந்தக் கணக்கு செல்லாது. இதில் இக்னிஷனுக்கும் ஹெட்லைட்டுக்கும் எஞ்சின் சுழலும்போது மின்சாரம் தரும் மேக்னெட்டிலிருந்து நேரடியாக ஏ.சி. மின்சாரம் போகிறது. பேட்டரி முழுக்கச் செத்திருந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஹெட்லைட்டும் எரியும். ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் மூன்றும்தான் பேட்டரியை நம்பி இருப்பவை. ஆய்வாளர் கேட்பதும் இந்த மூன்றைத்தான்! எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் போட்டு ஹாரன் அடித்துப் பாருங்கள். தொண்டை கட்டியது போல முனகினால் பேட்டரி போய்விட்டது என்று பொருள். ஓய்வில் 12.4 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது 14 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். 15-ஐத் தாண்டினால், பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ஆர்.ஆர். யூனிட் கெட்டிருக்கிறது. அதை விட்டுவிட்டுப் புது பேட்டரி போட்டால் அதுவும் வெந்துபோகும்.

ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டர் கொடுக்காமல் எஞ்சின் ஓடும்போது, ஹெட்லைட் மங்குவது இந்த வண்டியின் பிறவிக் குணம், கோளாறு அல்ல. அதற்காக 35 வாட் பல்பை எடுத்துவிட்டு மலிவு எல்.இ.டி. மாட்டினால் ஏ.சி. லைனில் துடிக்கும், ஒளியும் சிதறி எதிரில் வருபவர் கண்ணில் அடிக்கும். ரிஃப்ளெக்டர் மங்கியிருந்தால் அதை மாற்றுவதே மருந்து. பின் பிரேக் லைட் தாமதமாக எரிந்தால் சுவிட்சின் உடம்பைத் திருகாதீர்கள், ஒயர் முறுக்கி அறுந்துவிடும். உடம்பைப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்பி மேலேற்றுங்கள்.

பிரேக்கை ஏமாற்றாதீர்கள்

ஷூ தேய்ந்துவிட்டது, அட்ஜஸ்ட் நட்டும் கடைசி மரை வரை போய்விட்டது. இந்த நிலையில் சில பட்டறைகளில் பிரேக் ஆர்மைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிக் கொடுப்பார்கள். பிரேக் உடனே பிடிக்கும், ஷூ செலவு மிச்சம். ஆனால் உள்ளே ஷூவை விரிக்கும் கேம் அளவுக்கு மேல் திரும்பும். அழுத்திப் பிடித்தால் அப்படியே மாட்டிக்கொண்டு சக்கரம் பூட்டிவிடலாம். தேய்மானத்தைக் காட்டும் அம்புக்குறியும் அதோடு பொய்யாகிவிடும். பெடலை முழுக்க அழுத்தும்போது அந்த அம்பு பேனலில் உள்ள குறியைத் தொட்டால் ஷூவை மாற்ற வேண்டும், வேறு பேச்சில்லை.

ஷூ மாற்றும்போது டிரம்முக்குள் உப்புத்தாள் போட்டுத் துடைப்பது, கேம் தண்டைச் சுத்தம் செய்து கொஞ்சமே கொஞ்சம் கிரீஸ் வைப்பது இரண்டையும் பக்கத்தில் நின்று செய்யச் சொல்லுங்கள். கிரீஸ் கூடினால் சூட்டில் உருகி ஷூவில் இறங்கும். பெடலில் பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் 20 முதல் 30 மி.மீ. வரை வெற்று அசைவு இருக்கட்டும். இன்னொன்று: செயினை டைட் செய்தால் சக்கரம் பின்னே நகரும், பின் பிரேக் தானாக இறுகும். செயின் வேலை முடிந்ததும் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்காமல் கிளம்பினால் பத்து கிலோமீட்டரில் டிரம் கொதிக்கும். பிரேக் பிளேட்டைப் பிடித்திருக்கும் டார்க் ராடில், நட்டு கழன்றுவிடாமல் தடுக்கும் காட்டர் பின் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அந்த இடத்தில் கட்டுக் கம்பி சுற்றிய வண்டிகள் ஏராளமாக ஓடுகின்றன.

டயரில் இரு சக்கர வாகனத்துக்குக் குறைந்தபட்சப் பள்ளம் 0.8 மி.மீ. அதுவரை ஓட்டலாம் என்பதற்காக ஓட்ட வேண்டாம். மழையில் அந்த டயர் எதையும் பிடிக்காது.

புகைச் சோதனை

ஏப்ரல் 2000-க்குப் பின் வந்த ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குக்கு, பி.எஸ்.-4 புகை விதிக் காலத்துக்கு முந்தையது என்றால், ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதமும் ஹைட்ரோகார்பன் 4,500 பி.பி.எம்.மும் வரம்பு. 2000-க்கு முந்தையவற்றுக்கு 4.5 சதவீதம், 9,000. ஸ்ப்ளெண்டர் சாதாரணமாக இதற்குள் அடங்கிவிடும். அடங்காவிட்டால் எந்த எண் எகிறுகிறது என்று கேட்டு வாங்குங்கள். கார்பன் மோனாக்சைடு கூடினால் பெட்ரோல் அதிகம் போகிறது: ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், சோக் முழுக்கத் திரும்பாமல் நிற்கும். ஹைட்ரோகார்பன் கூடினால் பெட்ரோல் எரியாமல் வெளியே வருகிறது: பிளக் அல்லது இறுகிப்போன டேப்பெட் (வால்வு இடைவெளி). இந்த வித்தியாசம் தெரியாமல் கார்ப்பரேட்டர் ஸ்குரூவை மட்டும் திருகி எண்ணைக் குறைத்து வாங்கினால், வண்டி மறுநாளே இழுக்காது. பதினைந்து நிமிடம் ஓட்டிச் சூடேற்றி, ஐடிலிங்கை நிமிடத்துக்கு 1,400 சுற்றுக்கு வைத்துச் சோதிக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் எடுத்தால் நல்ல வண்டியும் தோற்கும்.

தேறிவிட்டது என்பதாலேயே நல்ல வண்டி ஆகிவிடாது

செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் ஏமாறும் இடம் இது. "இப்பத்தான் ஆர்.சி. ரினீவல் பண்ணினது, ஐந்து வருஷத்துக்குக் கவலையில்லை" என்பார் விற்பவர். காகிதத்துக்குத்தான் ஐந்து வருடம். டைமிங் செயின், கிளட்ச், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் எதையும் அந்தக் காகிதம் சொல்லாது. ஓடோமீட்டரையும் நம்ப வேண்டாம். முன் சக்கரத்தில் உள்ள ஸ்பீடோ பினியன் தேய்ந்து, எண் வருடக்கணக்கில் நின்றே கிடக்கும்.

சென்டர் ஸ்டாண்டு போட்டுப் பின் டயரைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். டக் டக் என்றால் புஷ் அல்லது வீல் பேரிங். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பினால், நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுவது போல நிற்கக் கூடாது. நின்றால் ஹேண்டில் சுழலும் பேரிங்கான கோன் செட் போய்விட்டது. இந்த வண்டியில் செயின் முழு கவருக்குள் இருப்பதால் பலர் அதை எட்டிப் பார்ப்பதே இல்லை. கவரில் உள்ள ரப்பர் மூடியைக் கழற்றி விரலால் அழுத்தினால் 20 முதல் 30 மி.மீ. வரை தளர்வு போதும். ஸ்டார்ட் செய்த உடனே மட்டும் நீலப் புகை வந்து அடங்கினால் வால்வு சீல், சின்ன வேலை. ஓட்டத்தில் ஆக்சிலேட்டர் முறுக்க முறுக்க நீலமாக வந்தால் பிஸ்டன் ரிங், சிலிண்டர் போர். விலை பேசும்போது இந்த இரண்டுக்கும் நடுவே சில ஆயிரம் வித்தியாசம்.

டைமிங் செயின் சத்தத்தை அடக்க கெட்டியான ஆயில் ஊற்றும் வழக்கம் இன்னும் போகவில்லை. இந்த எஞ்சினுக்கு 10டபிள்யூ-30 போதும். கெட்டி ஆயில் காலையில் எஞ்சின் ஹெட்டுக்கு ஏறத் தாமதமாகும், அதற்குள் வால்வைத் திறக்கும் கேம் தேயும். சத்தம் மட்டும் அடங்கியிருக்கும். அளவு பார்க்கும்போது டிப்ஸ்டிக்கைத் திருகாமல் சும்மா நுழைத்து எடுங்கள். ஆயில் மாற்றினால் போதும் என்று விட்டுவிடாமல், வலது பக்க கவருக்குள் உள்ள சுழல் ஃபில்டரை அவ்வப்போது கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். களிமண் போல அப்பியிருக்கும் கசடு அங்கேதான் சேர்கிறது.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபின் பழைய பெட்ரோல் ஹோஸும் கார்ப்பரேட்டருக்குள் உள்ள ஃப்ளோட் பின்னின் ரப்பர் முனையும் சீக்கிரம் விறைத்தோ உப்பியோ போகின்றன. மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் வண்டியில் டேங்குக்குள் தண்ணீர் சேர்ந்து துரு பிடிக்கும். நிறுத்தும் முன் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்ப்பரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள ட்ரெயின் ஸ்குரூவைத் தளர்த்தி மிச்சத்தை வடித்துவிடுங்கள்.