பாராசிட்டமாலின் வளர்சிதைப் பொருள்களை அளக்க எந்த வண்ணப்பிரிகை (குரோமடோகிராபி, கலவையின் பொருள்களைத் தனித்தனியே பிரிக்கும்) முறை?

பாராசிட்டமால் உட்கொண்டவரின் சிறுநீரில் மாறாத மருந்து மிகச் சிறிதளவே வெளியேறும். பெரும்பகுதியைக் கல்லீரல், நீரில் எளிதில் கரையும் குளுக்குரோனைடாகவும் சல்பேட்டாகவும் (இவையே வளர்சிதைப் பொருள்கள்) மாற்றிவிடுகிறது. இம்மூன்றையும் தனித்தனியே அளப்பதே நம் வேலை.

படி 1: மாதிரி. சிறுநீரை மையவிலக்கில் சுழற்றி, தெளிந்த பகுதியைப் பத்து மடங்கு நீர்த்து, 0.22 மைக்ரான் வடிகட்டியில் செலுத்தவும். பிளாஸ்மாவாயின், ஒரு பங்குக்கு மூன்று பங்கு குளிர்ந்த அசிட்டோநைட்ரைல் சேர்த்து, புரதம் வெள்ளையாகத் திரண்டபின் சுழற்றி, மேலே தெளிந்து நிற்பதை மட்டும் எடுக்கவும். கையுறை கட்டாயம்.

படி 2: மெல்லடுக்கு முறை. ஒளிரும் சிலிக்கா தகட்டை 254 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் பார்த்தால், பச்சைப் பின்னணியில் கருந்திட்டுகள் தெரியும். மருந்து இருக்கிறதா என்று பார்க்க இது போதும். அளவு சொல்ல உதவாது.

படி 3: வாயு முறை. குளுக்குரோனைடு எளிதில் ஆவியாகாது. எனவே நொதியால் அதைப் பிளந்து, சிலைல் (எளிதில் ஆவியாகச் செய்யும் சிலிக்கான் தொகுதி) ஏற்றிய பிறகே கருவிக்குள் செலுத்துவது வழக்கம். ஆனால் பிளந்த கணமே, எது குளுக்குரோனைடாக இருந்தது, எது முதலிலிருந்தே மருந்தாக இருந்தது என்ற வேறுபாடு அழிந்துவிடுகிறது. நம் கேள்விக்கு இம்முறை பொருந்தாது என்பதே என் முடிவு.

படி 4: எச்.பி.எல்.சி. (உயர் அழுத்தத்தில் திரவத்தைச் செலுத்திப் பிரிக்கும் முறை). சி18 குழலில் (நீரை நாடாத பொருளை அதிக நேரம் பிடித்துவைக்கும் குழல்), 0.1% ஃபார்மிக் அமிலம் கலந்த நீரில் தொடங்கி, மெத்தனாலைப் படிப்படியாகக் கூட்டவும். நீரை அதிகம் நாடும் குளுக்குரோனைடு முந்தி வெளிவரும், பாராசிட்டமால் பிந்தி வரும். ஒவ்வொரு தூய பொருளையும் தனியே செலுத்தி, அதன் தங்குநேரத்தை (குழலிலிருந்து வெளிவர எடுக்கும் நேரத்தை) குறித்துக்கொள்ளவும்.

படி 5: எல்.சி.-எம்.எஸ்./எம்.எஸ். (குழலில் பிரிந்து வருவதை அயனியாக்கி, உடைத்து, நிறையால் இனங்காணும் முறை). உள்ளே நுழையும் அயனியின் நிறையையும் அது உடைந்து தரும் துண்டின் நிறையையும் பாராசிட்டமாலுக்கு 152-லிருந்து 110, குளுக்குரோனைடுக்கு 328-லிருந்து 152, சல்பேட்டுக்கு எதிர்மின் முறையில் 230-லிருந்து 150 என்று கருவியில் அமைக்கவும். நிறையே பொருளைப் பிரித்துக் காட்டிவிடுமே, குழலில் எதற்கு நேரம் செலவிட வேண்டும் என்று புதியவர்கள் ஓட்டத்தைச் சுருக்கிவிடுகிறார்கள். அங்கேதான் பிழை நுழைகிறது: குளுக்குரோனைடின் ஒரு பகுதி அயனியாக்கும் இடத்திலேயே 176 அலகை இழந்து, 152 ஆகவே உள்ளே நுழையக்கூடும். இரண்டும் ஒரே நேரத்தில் வெளிவந்தால், கருவி அதையும் பாராசிட்டமால் என்றே எண்ணும்.

படி 6: சோதனை. தூய குளுக்குரோனைடை மட்டும் செலுத்தி, பாராசிட்டமாலின் தடத்தை (152-லிருந்து 110 என்ற பதிவை) பாருங்கள். அங்கே ஒரு பீக் எழுந்து, அது பாராசிட்டமாலின் தங்குநேரத்தோடு ஒட்டி நின்றால், மெத்தனாலை இன்னும் மெதுவாகக் கூட்டி மீண்டும் ஓட்டவும். இரண்டுக்கும் இடையே வரைகோடு அடித்தளத்தைத் தொட்ட பின்னரே நோயாளியின் மாதிரியைச் செலுத்த வேண்டும்.